'பயம்' எழுதினால் 'பயத்தை' வர மாட்டேன் என்கிறது: குறிப்புகளை இணைப்பதில் உதவி தேவை

கிறுக்கல்கட்டு:
ஒன்றரை வருடமாகத் தோன்றுவதையும் படிப்பதையும் குறித்து வைக்கிறேன். ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. எல்லாமே மார்க்டவுன் (எளிய குறியீடுகளோடு எழுதும் வெற்றுரை) கோப்புகள், வேறொரு குறிப்பின் தலைப்பை [[ ]] உள்ளே போட்டு இணைக்கும் வகைச் செயலி. தலைப்புகள் தமிழில்.

'பயம்' என்று ஒரு குறிப்பு. அதைத் தொடுகிற குறிப்புகள் இருபதாவது இருக்கும் என்று எனக்கே தெரியும், ஆனால் தலைப்புச் சொல் வந்தும் இணைப்பு போடாத இடங்களைச் செயலி காட்டும் 'இணைக்கப்படாத இடங்கள்' பட்டியலில் வருவது நாலே நாலு. சரி, 'பய' என்று தேடினால் பயணம், பயன், பயிற்சி எல்லாம் வந்து குவிகின்றன. இதைவிட விசித்திரம், ஒரே ஃபோல்டரில் 'கௌரவம்' என்ற பெயரில் இரண்டு கோப்புகள்! எப்படிச் சாத்தியம்? குறிப்புகளைப் புள்ளியாகவும் இணைப்புகளைக் கோடாகவும் காட்டும் வரைபடத்தைத் திறந்தால் மணலை வாரி இறைத்த மாதிரி புள்ளிகள், கோடே இல்லை. வேறு செயலிக்கு மாறிவிடலாமா?

ஒற்றுப்பிழை:
மாறாதீர்கள் நண்பரே, எங்கே போனாலும் இதே கதைதான். நம் சொல் வேற்றுமை ஏறினால் உருவம் மாறும். பயம், பயத்தை, பயத்தில், பயமாக. செயலி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது, அதற்கு இலக்கணம் தெரியாது.

இரண்டு வழி உண்டு. எழுதும்போதே [[பயம்|பயத்தை]] என்று போடுங்கள். கோட்டுக்கு முன்னால் கோப்பின் பெயர், பின்னால் கண்ணுக்குத் தெரிய வேண்டிய சொல். ஆப்சிடியன் என்ற குறிப்புச் செயலியில் இது வேலை செய்யும். லாக்சீக் என்ற செயலியில் தலைகீழ்: [பயத்தை]([[பயம்]]).

பழையவற்றைப் பிடிக்க ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது ஒரு சொல்லின் பல வடிவங்களை ஒரே வாய்பாட்டில் தேடும் முறை. ஆப்சிடியன் தேடலில் /பய(ம|த்த)/ என்று சாய்கோடுகளுக்குள் கொடுங்கள். கவனியுங்கள், 'ம்' அல்ல, புள்ளி வைக்காத 'ம'. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோடு முறையில் 'ம்' என்பது ம-வும் புள்ளியும் சேர்ந்தது. அதனால் வெறும் 'ம' கொடுத்தால் பயம், பயமும், பயமாக மூன்றும் சிக்கும். 'த்த' கொடுத்தால் பயத்தை, பயத்தால், பயத்தோடு. 'எழுத்து' மாதிரிச் சொல்லுக்கு இவ்வளவு பாடு இல்லை, 'எழுத்த' என்று நிறுத்தினாலே போதும்.

குறிப்பின் பண்புகளில் அலையஸ் (மாற்றுப்பெயர்) ஆகப் பயத்தை, பயத்தில் என்று சேர்க்கலாம்தான். ஆனால் 'பயத்தைப் பற்றி' என்று ஒற்று மிகுந்தால் அதுவும் தவறிப்போகும். எத்தனையைத்தான் சேர்ப்பீர்கள்?

நுனிவிரல்:
கௌரவப் பிரச்சினைக்கு வருகிறேன் :) இரண்டு தலைப்பிலும் 'கௌ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். ஒன்றில் 'க' மிஞ்சும். மற்றதில் 'கெ' மிஞ்சினால் அது க-வுக்குக் கொம்பு போட்டு, தனியாக 'ள' அடித்தது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஔ, ஒள இரண்டிலும் இதே வம்பு. உள்ளடக்கத்தைச் சரியான கோப்புக்கு மாற்றுங்கள். இனிமேல் எந்தக் கோப்புக்குப் பெயர் மாற்றினாலும் செயலிக்குள்ளிருந்தே மாற்றுங்கள், வெளியே ஃபோல்டரில் மாற்றினால் இணைப்புகள் அறுந்துபோகும்.

பழுப்புத்தாள்:
ஜெர்மானிய சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் (1927–1998) சுமார் 90,000 சீட்டுகள் வைத்திருந்தார். தலைப்பை நம்பி அல்ல, ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண். 21/3-க்குத் தொடர்ச்சி தோன்றினால் 21/3a என்று பின்னால் செருகுவார், வேறு சீட்டில் அந்த எண்ணையே எழுதி வைப்பார். எண்ணுக்கு வேற்றுமை உருபு ஏறாது பாருங்கள்! நான் தலைப்புக்கு முன்னால் தேதியும் நேரமும் போடுகிறேன், அதே காரணம்தான். அழகாக இருக்காது.

சும்மாவந்தவன்:
ஆயிரத்தையும் இணைக்க உட்கார்ந்துவிடாதீர்கள், நான் உட்கார்ந்து ஒரு மாதம் வீணானது. ஒரே சொல் இருக்கிறது என்பதற்காகப் போட்ட கோடுகள் எதையும் திரும்பிப் பார்க்கவே இல்லை. இப்போது கோடு போட்டால் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதுகிறேன்: "கூச்சத்தில் எச்சில் விழுங்குவதும் இதே இடத்தில்தான், [[பயம்]] பார்க்க." அந்த வரி வரவில்லை என்றால் கோடும் இல்லை.

கிறுக்கல்கட்டு:
அனைவருக்கும் நன்றி. பேக்ஸ்பேஸ் சோதனை செய்தேன், 'கெ'தான் மிஞ்சியது. கைபேசியில் அடித்த கோப்பு அது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.

பயத்துக்கு 23 இடம் கிடைத்தது. அதில் 'அபயம்' இரண்டு, 'உபயம்' ஒன்று. ஏன் என்று ஒரு வரி எழுதிப் பார்த்ததில் மொத்தம் ஏழுக்குத்தான் எழுத வந்தது. அந்த ஏழில் ஒன்று, அபயம்.