சின்னக் கப்பலில் போய்ப் பழகி, பெரிய கப்பலில் ஏறியவர்கள்: உங்கள் அனுபவம்?

எல்பில் பொண்ணு

முன்பு ஓடிய லிப்ரா என்ற சின்னக் கப்பலில் போய் வந்தவர்கள் நம் சுங்கை சிப்புட்டில் நிறைய பேர் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன். போன பள்ளி விடுமுறையில் அம்மாவைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய்ப் பெரிய கப்பலில் ஏற்றினேன். மூன்று இரவு. அம்மாவுக்கு 71 வயது. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர், முழங்கால் தேய்ந்துவிட்டது. கப்பல் என்றால் அவருக்கு மேடை நிகழ்ச்சிதான். லிப்ராவில் மேஜிக்காரர் கீழே இறங்கி வந்து அம்மா கையில் ஒரு சிவப்புக் காகிதப் பூவைக் கொடுத்தார். அது இன்னும் எங்கள் சாமி மேடையில், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது இரவு, அந்தரத்தில் துணியைப் பிடித்துச் சுழன்று ஆடும் நிகழ்ச்சி. அம்மா ஏழு மணிக்கே பட்டுப்புடவை கட்டித் தயாராகிவிட்டார். எங்கள் அறை கப்பலின் பின்கோடி, அரங்கம் முன்கோடி. வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போய்ச் சேர்ந்தோம். வாசலில் டேப்லெட்டோடு ஒரு பெண். எங்கள் அறை அட்டைகளைத் தட்டிப் பார்த்தாள், பெயர் வரவில்லை. "ரிசர்வேஷன்?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இது நாம் கட்டிய பணத்திலேயே அடங்கிய நிகழ்ச்சிதானே, இதற்குமா முன்பதிவு? லிப்ராவில் கதவு திறந்தே இருந்தது, போய் உட்கார்ந்தோம், அவ்வளவுதான்.

அவளுக்குப் பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வரிசை வரிசையாக நாற்காலிகள் காலி. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு எடம் கெடக்கே, யாருக்கு வச்சிருக்காங்க?" என்றார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தார். தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, பிந்தி வந்து, வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்புவார்களே, அந்த நடை. சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன்.

ஏறிய அன்றே கைப்பேசியில் ஏதோ தகவல் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

சாலாக் தம்பி

அக்கா, நாங்கள் முன்பதிவு செய்தும் தவறவிட்டோம். புக்கெட்டில் கரையிறங்கிய நாள். இரவு 9 மணிக் காட்சி. கைப்பேசியில் மணி 8.20, சரி, நேரம் இருக்கிறது என்று மகனுக்குத் தலை சீவிக் கூட்டிக்கொண்டு போனேன். அரங்கத்தை நெருங்கும்போதே உள்ளிருந்து கைதட்டல் கேட்டது. வாசலில் இருந்த திரையில் மணி 9.20. தாய்லாந்து நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். கைப்பேசி அந்த ஊர் கோபுரத்தைப் பிடித்துத் தானாக மாறிக்கொண்டது, கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடுகிறது. மகனுக்கு எட்டு வயது. "அப்பா, போன் பொய் சொல்லுமா?" என்று கேட்டான். முன்பு போன சின்னக் கப்பலில் நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னால் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். இதில் அறைக்குள் ஒரு சத்தமும் வரவில்லை. இப்போதெல்லாம் பழைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் போகிறேன்.

ஓய்வுபெற்ற கிராணி

எல்பில் பொண்ணு, அம்மாவுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் நீங்கள் திரும்பியிருக்கக் கூடாது. முன்பதிவு செய்தவர்கள் வராத இடங்களைக் காட்சி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வெளியே நிற்பவர்களுக்குத் திறந்துவிடுவது பல கப்பல்களில் வழக்கம். நானும் என் மனைவியும் அப்படி நின்றுதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம்.

அடுத்து போகிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கணக்கைப் பாருங்கள். லிப்ரா 216 மீட்டர் நீளம், பயணிகள் ஏறக்குறைய 1,500 பேர். பெரிய கப்பலான கெந்திங் டிரீம் 335 மீட்டர், 150,000 டன் எடை, அறைக்கு இருவர் என்று வைத்தாலே 3,300 பேருக்கு மேல். அதன் பெரிய அரங்கத்தில் உட்காரக்கூடியவர்கள் ஆயிரம் பேர் அளவுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும்? அதனால்தான் முன்பதிவு. இலவசம் வேறு, இடம் உறுதி என்பது வேறு.

கப்பல் செயலியை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். ஏறியதும் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிக் கப்பலின் வைஃபையில் இணையுங்கள். இணையத்துக்குத் தனியாகப் பணம் கட்டாவிட்டாலும் செயலி பெரும்பாலும் வேலை செய்யும். பயன்முறையை மாற்றாமல் விட்டால் நடுக்கடலில் கப்பலின் தொலைபேசி அலையைப் பிடித்து, வீட்டுக்கு வரும் பில்லில் தலை சுற்றிவிடும். முதலில் இராச்சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள், பிறகு அதற்கு ஒத்த காட்சி. முதல் பந்தியில் சாப்பிடுபவர்கள் பிந்திய காட்சியை எடுப்பது நல்லது, வயதானவர்கள் அவசரப்பட வேண்டாம். ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் என்ற இன்னொரு பெரிய கப்பலில் கண்ணாடிக் கூண்டு ஒன்று கடலுக்கு மேல் 90 மீட்டர் உயரம் தூக்கிக் காட்டும். காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள், ஆகவே அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லியே ஆக வேண்டும். அவசரகாலப் பயிற்சியை, நம் பாஷையில் கப்பல் பெரட்டை, தட்டிக்கழிக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அப்போது பயிற்சியே நடந்திருக்கவில்லை. பெரிய கப்பலில் உங்கள் கூடுமிடம் அறையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கலாம். பகலில் ஒருமுறை மாடிப்படி வழியாக நடந்து பாருங்கள், மின்தூக்கியை நம்பாதீர்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு நடுப்பகுதியில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறை கேளுங்கள். இருநூறு முந்நூறு வெள்ளி கூடினாலும் பரவாயில்லை.

ஹீவுட் லயம்

கிராணி ஐயா, மூன்று இடத்தில் உட்கார்ந்து வந்து சேர்ந்த அம்மாவை வாசலில் இன்னும் நிற்கச் சொல்கிறீர்களே. அக்கா திரும்பியதில் தப்பே இல்லை. அப்புறம், கப்பலுக்குச் சொல்லும் அந்த டன் எடை அல்ல, கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் அளவு. தராசில் நிறுத்தது இல்லை.

என் கதை நேர் எதிர். அப்பாவுக்கு 83 வயது. 1951-ல் ஒன்பது வயதுப் பையனாக நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தார்களாம். அவரைப் பெரிய கப்பலில் கூட்டிப்போகிறோம் என்று நான் எல்லாவற்றையும் முன்பதிவு செய்து வைத்தேன். மூன்று இரவுக்கு நான்கு காட்சி, பகலில் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் கைப்பேசியில் அலாரம். அலாரம் அடிக்க அடிக்க அப்பா எழுந்து எழுந்து வந்தார். இரண்டாம் நாள் சாயந்திரம் கேட்டார், "கப்பல் நிக்குதாடா?" ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கப்பலில் அவருக்கு ஆட்டமே தெரியவில்லை. நாங்கள் இருந்த 15-ஆவது தளத்தில் கடல் வாசமும் இல்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவரைக் கீழே, கப்பலைச் சுற்றி நடக்கும் திறந்த தளத்துக்குக் கூட்டிப்போனேன். இரும்புக் கைப்பிடி ஈரமாக இருந்தது. அப்பா அதை ஆள்காட்டி விரலால் வழித்து நாக்கில் வைத்தார். "ரஜூலாவுல இதே ருசிதான்" என்றார். வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றார். காலைச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். அன்று இரவுக் காட்சிக்கும் நாங்கள் போகவில்லை, மறுபடி அந்தக் கைப்பிடிக்கே போனோம்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த இரண்டு இடத்தை நான் செயலியில் ரத்து செய்யவே இல்லை. ஒரு விரல் வேலை. அக்கா, உங்கள் அம்மா பார்த்த காலி நாற்காலிகள் எங்களைப் போன்றவர்கள் வைத்துக்கொண்டு போகாமல் விட்டவையாக இருக்கலாம். உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள்.

எல்பில் பொண்ணு

அண்ணே, அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் அப்பா விரலை நாக்கில் வைத்த இடத்தில் மறுபடி ஒருமுறை படி என்றார். அவருடைய அம்மாவும் ரஜூலாவில் வந்தவர்தான். காலி நாற்காலிக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கிராணி ஐயா, கோபம் இல்லை. நீங்கள் இப்போது சொல்வது மாதிரியே, அன்று மூன்றாம் இரவு வாசலில் நின்று பார்க்கலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். "பேரு இல்லாத எடத்துக்கு நான் வரல, நீ போய்ப் பாரு" என்றார். நானும் போகவில்லை. இருவரும் அறையிலேயே உட்கார்ந்து காப்பி குடித்தோம். நடுப்பகுதி அறை பற்றிச் சொன்னீர்களே, அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

சாலாக் தம்பி

அக்கா, டிசம்பரில் நாங்கள் போர்ட் கிள்ளானில் ஏறப் பார்க்கிறோம். சிங்கப்பூரில் ஏறியவர்கள் ஏற்கெனவே கப்பலில் இருப்பார்கள், நல்ல காட்சிகளை அவர்களே எடுத்துவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. நீங்களும் வந்தால் சேர்ந்தே பதிவு செய்யலாம். அம்மாவோடு நடக்க என் மகன் இருக்கிறான்.

எல்பில் பொண்ணு

தம்பி, டிக்கெட் எடுக்கும் அன்றே ஏஜென்டிடம் கேட்டுவிடுவோம், போர்ட் கிள்ளானில் ஏறுபவர்களுக்கு முன்பதிவு எப்போது திறக்கும் என்று. ஏறியதும் நீ பெட்டிகளைப் பார்த்துக்கொள், நான் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுகிறேன். சாப்பாடு அப்புறம்தான். அம்மாவிடம் கேட்டேன், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று அந்தப் பட்டுப்புடவையை எடுத்து நிழலில் காற்றாட விரித்துப் போட்டிருந்தார்.