பனிக்கட்டியின் மறைவெப்பம் குறைவாகவே வருகிறது, உதவி தேவை

அண்ணாமார், அக்காமார், மட்டக்களப்பில் முதலாம் வருடப் பௌதிகவியல் படிக்கிறேன். கலவை முறையில் (இளஞ்சூட்டு நீரில் பனிக்கட்டியைப் போட்டு உருக்கி) பனிக்கட்டி உருகலின் தன்மறைவெப்பம், அதாவது 0 பாகையில் ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகத் தேவையான வெப்பம், காணும் பரிசோதனையில் இரண்டு கிழமையாக நிற்கிறேன். வர வேண்டியது கிலோகிராமுக்கு 3.34 × 10⁵ ஜூல். மூன்று தரம் செய்தும் 2.9 × 10⁵ஐ ஒட்டியே வருகிறது.

கடைசித் தரத்து அளவுகள்: செப்புக் கலோரிமானியும் (நீர் வைக்கும் பாத்திரம்) கலக்கியும் 60 கிராம், நீர் 120 கிராம், அறை வெப்பநிலை 30 பாகை. 36இல் தொடங்கி 24இல் முடித்தேன். பனிக்கட்டி, முடிவில் கூடியிருந்த நிறைப்படி, 16.1 கிராம். சரியான விடை வர 14.5 கிராம்தான் இருந்திருக்க வேண்டும். அந்த 1.6 கிராம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் தலையிடி.

துண்டுகளை ஒற்றுத்தாளால் துடைத்துத்தான் போட்டேன், மின்விசிறியையும் நிறுத்தினேன். வெப்பமானியை மாற்றியும் பார்த்தாயிற்று. ஆனால் மழைக்காலம் அல்லவா, முடிவில் கலோரிமானியின் வெளிப்பக்கத்தில் விரல் வைத்தால் ஈரம் ஒட்டுகிறது. காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு, அதாவது பனிபடுநிலைக்குக் கீழே போய்விட்டதுபோல. அந்த ஈரம் நிறையையும் கூட்டும், ஒடுங்கும்போது வெப்பத்தையும் உள்ளே கொடுக்கும். இரண்டுமே விடையைக் குறைக்கும். அப்புறம் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு நிறையை அளந்தபோது 2.98 × 10⁵ வரைதான் ஏறியது.

34இல் தொடங்கி 26இல் நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். ஆனால் பனிக்கட்டி குறையும், நிறை அளப்பதில் வரும் வழுவின் வீதம் கூடும். திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும்.

பிழை ஈரமான பனிக்கட்டியாலா, வெளியே படியும் ஈரத்தாலா என்று எப்படிப் பிரித்தறிவது?