நோய்க்காலத்தில் வேலை நின்றால் கூலி யார் பொறுப்பு?

லவ்டேல் விடுதிக்காரர்:
அடுத்த முறை கொரோனாபோல் கொள்ளைநோய் வந்து ஊரடங்கு போட்டால், அடைத்த நாள்களுக்கும் முதலாளியே முழுச் சம்பளம் தர வேண்டும் என்று நிரந்தரச் சட்டம் தேவை எனக் கூடலூர் நண்பர் சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தார். அதை நான் மறுக்கிறேன். எட்டு அறைகள் கொண்ட விடுதி என்னுடையது. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஏப்ரல், மே சீசனில் வருவதை வைத்துத்தான் மழை மாதங்களைத் தள்ளுகிறோம். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சீசனும் இல்லை, ஊட்டி மலர்க் கண்காட்சியும் இல்லை. முதல் இரண்டு மாதச் சம்பளத்தை நகையை அடகு வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் முடியவில்லை. சம்பளத்தைப் பிடித்தம் இன்றித் தர வேண்டும் என்று 2020 மார்ச் 29 அன்று உத்தரவிட்ட மத்திய உள்துறை, மே மாதம் அதைத் திரும்பப் பெற்றது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றமும் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறுதான் கூறியது. பிரிட்டனில் சம்பளத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு என்ற வரம்புக்குள், அரசே ஏற்றது. அடைக்கச் சொன்னவர் கையில்தான் கஜானாச் சாவி இருக்கிறது.

கூடலூர் தோட்டத்தான்:
ஐயா, நகையை அடகு வைத்துச் சம்பளம் கொடுத்த உங்களை நான் குறை கூறவில்லை. எல்லா விடுதிகளிலும் அப்படி நடக்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் சட்டம் உங்கள் தலையில் பெரிய சுமையை ஏற்றியதுபோல் எழுதுகிறீர்களே, அது சரியா என்று பார்ப்போம். அப்போது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டப்படி, வேலை கொடுக்க முடியாமல் லே-ஆஃப் செய்தால், அதாவது தற்காலிகமாக நிறுத்தி வைத்தால், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதியைத் தர வேண்டும். அந்தப் பாதியும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே உரியது; அவற்றிலும் ஐம்பது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தாது. தங்கும் விடுதி அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே, உள்துறையின் உத்தரவு விலகியதும் உங்கள் அறைப் பையனுக்குச் சட்டப்படி கேட்பதற்குக் கால் சம்பளம்கூட இல்லாமல் போயிற்று.

தோட்டத்துக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் 20 முதல் பாதி ஆள்களை வைத்துக் கொழுந்து எடுக்கலாம் என்று மத்திய அரசின் அனுமதி வந்தது. மீதிப் பாதி? செக்ரோல் என்னும் ஆள் பதிவேட்டில் பெயர் இருந்து ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவர்கள் லே-ஆஃப் தொகையைக் கேட்க முடிந்தது. தற்காலிகமாக வந்தவர்களுக்கும், ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து அதே நிரையில் அதே கூடையைச் சுமந்தவர்களுக்கும் அந்த வழியும் இல்லை. நல்ல காலத்து லாபம் முழுவதும் முதலாளிக்கு, கெட்ட காலத்து நட்டத்தில் மட்டும் தொழிலாளிக்குப் பங்கா?

கோத்தகிரி பசுந்தேயிலை:
முதலாளி என்று பொதுவாகச் சொல்கிறீர்களே, நான் அதில் சேர்த்தியா? எனக்கு ஒன்றரை ஏக்கர். மூன்று பெண்கள் கிலோக் கணக்கில் பறிக்கிறார்கள். தொழிற்சாலை இலை எடுக்காத நாளில் அவர்களுக்கும் வருமானம் இல்லை, எனக்கும் இல்லை. 2020இன் பிற்பாதியில் தேயிலை விலை ஏறியது உண்மைதான். ஊரடங்கில் அசாமில் பறிப்பு நின்று வரத்து குறைந்ததால், குன்னூர் ஏலத்திலும் விலை உயர்ந்தது. பெரிய எஸ்டேட்டுகள் அதில் எழுந்து நின்றிருக்கலாம். அவற்றையும் என்னையும் ஒரே தராசில் வைக்கும் சட்டம் எனக்கு வேண்டாம்.

ஓய்வு பெற்ற செவிலியர், குன்னூர்:
அடைத்த நாள்களின் சம்பளத்தைப் பற்றியே மூவரும் பேசுகிறீர்கள். நான் பார்த்தவரை, நோயைப் பரப்பியது திறந்திருந்த நாள்களின் கூலிதான். 2021இல் இரண்டாம் அலை கடுமையாக இருந்தபோது, ஜூன் மாதத் தளர்வுகளை மற்ற மாவட்டங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, நீலகிரி உள்ளிட்ட 11 மாவட்டங்களில் கட்டுப்பாட்டை நீட்டித்தார்கள். அந்த நாள்களில் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லைன் வீடுகளுக்குக் காய்ச்சல் கணக்கெடுக்கப் போனோம். ஒரு வீட்டில் எல்லாருக்கும் நலம் என்றார்கள். அடுப்படியில் காய்ச்சல் மாத்திரை அட்டை பாதி காலியாகக் கிடந்தது. அந்த வீட்டுப் பெண் காலையில் இரண்டு மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு எடை போடும் இடத்தில் வரிசையில் நின்றிருக்கிறார். சொன்னால் பதினான்கு நாள் கூலி போகும். பக்கத்து வீட்டையும் அடைப்பார்கள். அவர்களுக்கும் கூலி போகும். பிறகு யார் முகத்தில் விழிப்பது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஓர் அறையும் ஓர் அடுப்படியும் உள்ள வீட்டில் தனிமைப்படுத்திக்கொள்ளச் சொன்ன நாங்கள், அந்த நாள்களுக்கான அரிசியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவருக்கு நோயுற்ற காலத்தில் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். தோட்டங்கள் அதற்குள் வரவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் அன்று நோய்க்காலப் படி இருந்தாலும், அதைப் பெற மருத்துவர் சான்று தேவைப்பட்டது. காய்ச்சலையே மறைப்பவர் சான்று கேட்டு வருவாரா? தனிமையில் இருக்கும் நாளுக்குக் கேள்வியின்றிக் கூலி கிடைத்திருந்தால், பாதி வீடுகளில் எங்களிடம் உண்மையைச் சொல்லியிருப்பார்கள்.

லவ்டேல் விடுதிக்காரர்:
செவிலியர் அம்மா சொல்வதை ஏற்கிறேன். காய்ச்சலோடு ஒருவர் என் சமையலறையில் நின்றால் முதலில் கெடுவது என் பிழைப்புதான். ஆகவே நோய்நாள் கூலி என் செலவாகவே இருக்கட்டும். அடைத்த மாதங்களைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. மத்திய அரசு அன்று 100 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கு, 90 விழுக்காட்டினர் 15,000 ரூபாய்க்குக் கீழ் வாங்கினால், வருங்கால வைப்பு நிதியில் முதலாளி, தொழிலாளி இரு பங்கையும் சேர்த்துச் சம்பளத்தில் 24 விழுக்காட்டைத் தானே கட்டியது. வைப்பு நிதிச் சட்டமோ இருபது பேரிலிருந்துதான் தொடங்குகிறது. ஆறு பேர் விடுதிக்கு அதில் என்ன கிடைத்தது? சிறியவர்களுக்கு உதவி என்று அறிவித்த திட்டம், மிகச் சிறியவர்களின் வாசலுக்கு வரவே இல்லை.

கூடலூர் தோட்டத்தான்:
இந்த இடத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், அடிக்கடி நடப்பதில்லை. அரிசி அட்டைக்கு 2020இல் ஆயிரம் ரூபாயும், 2021இல் இரண்டு தவணைகளில் நாலாயிரமும் மாநில அரசு தந்தது. வேறு மாநிலத்திலிருந்து வந்து உங்கள் ஊர் விடுதிகளில் அறை துடைத்தவரிடம் அந்த அட்டையே இல்லை. கட்டடத் தொழிலாளரைப் பாருங்கள். கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டை வாரியம் வசூலிப்பதால் அங்கே பெயர்ப் பட்டியலும் நிதியும் முன்கூட்டியே இருந்தன. பதிவு செய்தவருக்கு உடனே பணம் அனுப்ப முடிந்தது. அதுபோல அறை வாடகையில் ஒரு விழுக்காட்டைச் சீசன் தொழிலாளர் நிதியாக நகராட்சி பிடிக்கட்டும். சீசன் தொடங்கும்போதே, எந்த ஊர்க்காரராயினும், வேலைக்கு வருபவரின் பெயரைப் பதிவு செய்யட்டும்.

லவ்டேல் விடுதிக்காரர்:
ஒரு விழுக்காட்டைக் கட்டுகிறேன். ஆனால் கட்டிய பிறகும் முழுச் சம்பளம் கொடு என்று என் கதவைத் தட்டக் கூடாது. அதை எழுத்தில் தருவீர்களா?

கூடலூர் தோட்டத்தான்:
முழு விலக்குத் தர மாட்டோம். முதல் மாதம் உங்களுடையது; இரண்டாம் மாதத்திலிருந்து நிதி பார்த்துக்கொள்ளட்டும்.

லவ்டேல் விடுதிக்காரர்:
பதினைந்து நாள் என்றால் யோசிக்கிறேன்.

கோத்தகிரி பசுந்தேயிலை:
நீங்கள் இருவரும் பேரத்தை முடித்துக்கொள்ளுங்கள். என் தோட்டத்தில் பறிக்கும் மூன்று பெண்கள் எந்த அறையின் வாடகையிலும் வர மாட்டார்கள். அவர்களின் பெயரை எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்று யாராவது சொல்லிவிட்டுப் போங்கள்.