ஷாப் வேக்கிற்குத் தமிழ்: ‘பட்டறை உறிஞ்சி’ பற்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே தச்சு வேலை செய்பவர்களுக்கான கையேட்டில் ‘ஷாப் வேக்’ (பட்டறையில் தூளையும் தூசியையும் உறிஞ்சி எடுக்கும் மிஷின்) வரும் இடங்களை எல்லாம் வெற்றாக விட்டு இரண்டு வாரம் ஆகிறது. இந்த இழையில் இதுவரை வந்த பெயர்கள் மூன்று: வெற்றிடத் துப்புரவி, தூசகற்றி, பட்டறை உறிஞ்சி. நான் மூன்றாவதன் பக்கம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெயர் சரியாக அமைந்தால், எந்த மிஷினை வாங்குவது என்ற குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் ‘ஷாப்’. இது கடை இல்லை. அமெரிக்கர்கள் பட்டறையை அப்படித்தான் சொல்கிறார்கள். ஷாப்-வேக் என்பது அங்குள்ள ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். நமக்கு ஜெராக்ஸ் போல, அந்த வகை மிஷின் எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. ஆகவே ‘கடை’ என்று தொடங்கும் எதுவும் வேண்டாம். ‘பட்டறை என்றால் இன்று பயிற்சிப் பட்டறைதான் நினைவுக்கு வருகிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், ஆனால் நகைப்பட்டறை, லேத் பட்டறை, தச்சுப்பட்டறை எல்லாம் இன்னும் வாயில் புழங்கும் சொற்களே. இந்த மிஷினும் தச்சனுக்கு மட்டுமானதல்ல. கார் பழுது பார்க்கும் இடத்தில் தண்ணீரையும் இழுக்கும், இரும்புத் துகளையும் இழுக்கும். ‘தச்சு உறிஞ்சி’ என்று குறுக்க வேண்டாம்.

அடுத்து ‘வெற்றிடம்’. உள்ளே வெற்றிடம் எதுவும் உண்டாவதில்லை. நல்ல பட்டறை மிஷின் ஒன்று குழாயை முழுக்க அடைத்துப் பிடித்தால் சுமார் 20 கிலோபாஸ்கல் வரை அழுத்தத்தைக் குறைக்கும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 101. அதாவது ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. வெளிக்காற்று உள்ளே பாய்கிறது, தூசியும் அதோடு போகிறது. வேலை செய்பவருக்குத் தெரிவது இழுப்பு மட்டும்தான். ‘உறிஞ்சி’ அந்த இழுப்பைச் சொல்கிறது. ‘தூசகற்றி’ அழகான சொல்தான். ஆனால் துடைப்பமும் தூசகற்றிதான்.

இனி எனக்கு முக்கியமாகப் படுவது. மரவேலையில் விழுவதெல்லாம் ஒன்றல்ல, தமிழில் அதற்கு ஏற்கனவே தனித்தனிச் சொற்கள் உண்டு. இழைப்புளி தள்ளினால் வருவது சுருள். ரம்பம் போடுவது தூள். உப்புத்தாள் சுற்றும் சாண்டர் கிளப்புவது தூசி. சுருளும் தூளும் காலடியில் விழுந்து கிடக்கும், பெருக்கி அள்ளிவிடலாம். தூசி அப்படி இல்லை. மணிக்கணக்கில் அறையில் மிதந்து மூச்சில் ஏறும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை 1995இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்துவிட்டது. கையேட்டில் இந்தச் சொற்களைக் கலந்து எழுதக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

இந்த வேறுபாட்டை வைத்தே இரண்டு மிஷின்களையும் பிரிக்கலாம். ‘டஸ்ட் கலெக்டர்’ என்று விற்கிறார்களே, 100 மில்லிமீட்டர் குழாயும் பெரிய துணிப்பையும் வைத்து, அதற்கு இழுப்பு குறைவு, ஆனால் காற்று ஏராளமாகப் போகும். பலகை இழைக்கும் மிஷினான பிளேனர் கக்கும் சுருளை அதுதான் தாங்கும். அதற்குத் ‘தூள்வாரி’ என்று பெயர் வைக்கலாம் என்பது என் யோசனை. வாரிக்கொண்டு போவதுதானே அதன் வேலை? பட்டறை உறிஞ்சி நேர்மாறு: 27 அல்லது 36 மில்லிமீட்டர் குழாய், காற்று குறைவு, இழுப்பு அதிகம். சாண்டர், மரத்தில் பள்ளம் கடையும் ரவுட்டர், கையில் பிடிக்கும் மின்ரம்பம் இவற்றின் வாயில் மாட்ட அதுதான் சரி. விற்பவர்கள் வாட் கணக்கைத்தான் முதலில் சொல்வார்கள். வாட் என்பது அது தின்னும் கரண்ட். வாங்குபவர் கேட்க வேண்டியது இழுப்பு எத்தனை கிலோபாஸ்கல், காற்றோட்டம் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை. ‘உறிஞ்சுவிசை’ என்ற பரிந்துரையை விட ‘இழுப்பு’ போதும் என்று நினைக்கிறேன். “மிஷினுக்கு இழுப்பே இல்லை” என்றால் புரியாதவர் இல்லை.

என்னுடைய முதல் மிஷின் வீடு துடைக்க வாங்கியது. அதைச் சாண்டரில் மாட்டிக்கொண்டு பிளைவுட் பலகை ஒன்றைத் தேய்த்தேன். பத்து நிமிஷத்தில் இழுப்பு போய்விட்டது. மூடியைத் திறந்தால் தொட்டியில் கால்வாசிகூட நிறையவில்லை. வடிகட்டி மேல் மட்டும் மாவு அப்பியது போல ஒரு படலம். நகத்தால் சுரண்டினால் தகடு தகடாகப் பெயர்ந்து வந்தது. தட்டித் தட்டிச் சுத்தம் செய்ததில் உறிஞ்சிய தூசியெல்லாம் திரும்ப என் முகத்துக்கே வந்தது. பை உள்ள மிஷினையும், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியையும் தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

‘சைக்ளோன் செப்பரேட்டர்’ பற்றியும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாளியின் மூடி மேல் கவிழ்த்து நிற்கும் கூம்பு, உறிஞ்சிக்கும் கருவிக்கும் நடுவே. காற்று அதற்குள் சுழலும். கனமானது சுவரில் மோதி வாளிக்குள் இறங்கும், மெல்லியது காற்றோடு மேலேறி உறிஞ்சிக்குப் போகும். ‘புயல் பிரிப்பான்’, ‘சுழற்பிரிப்பான்’ இரண்டும் வந்திருக்கின்றன. களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதைப் பிரித்துச் சொல்லவே வேண்டாம்: மணி நேரே விழும், பதர் காற்றோடு போகும். ‘சுழல்தூற்றி’ என்று சொல்லலாமா? தூற்றுதல் என்றால் பழி சொல்வதும் ஆகுமே என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்னும்போது யாருக்கும் பழி நினைவுக்கு வருவதில்லை. முன்னால் ‘சுழல்’ நிற்பதால் இன்னும் தெளிவு.

20 லிட்டர் பெயிண்ட் வாளியில் ஒன்றைப் பொருத்தி ஒரு மாதம் வேலை பார்த்தேன். வாளி முக்கால் நிறைந்திருந்தது. உறிஞ்சியின் பையில் ஒரு கைப்பிடிதான். ஒரே ஒரு எச்சரிக்கை, கையேட்டிலும் சேர்க்கிறேன்: மெல்லிய வாளி வேண்டாம். குழாய் வாயில் ஒரு மரச்சில்லு அடைத்துக்கொண்ட உடனே என் முதல் வாளி வெளிக்காற்று அமுக்கி உள்ளே ஒடுங்கிவிட்டது.

சரி, ஒன்று பாக்கி. சில மிஷின்களில் சாண்டரின் வயரை உறிஞ்சியிலேயே செருகினால், சாண்டரைப் போட்டதும் உறிஞ்சியும் தானே ஓடும், நிறுத்தினால் சில நொடி கழித்து நிற்கும். வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய வசதி இது. கையை எடுத்து இரண்டு சுவிட்ச் போட வேண்டியிருந்தால் பலர் உறிஞ்சியைப் போடாமலே தேய்த்துவிடுகிறார்கள். இதற்கு ‘உடனோட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன், ‘இணைதொடக்கம்’ என்றும் பார்த்தேன். இரண்டுமே எனக்கு நிறைவாக இல்லை. மின்பணி செய்யும் நண்பர்கள் யாராவது இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால் அந்தப் பக்கத்தை முடித்துவிடுவேன்.