மேனேஜர் ‘நாட் பிஹேவிங்’ என்று எழுதியிருக்கிறார், வேலை போய்விடுமா? (சுங்கை சிப்புட், மலேசியா)

திம்பாங்_புதுசு:
அண்ணன்மார்களே, அவசரம். ஊரிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (பாமாயில்) ஆலையில் கணக்கு வேலை. எங்கள் மேனேஜர் இன்னொருவருக்கு அனுப்பிய மெசேஜில் என்னைப் பற்றி ‘நாட் பிஹேவிங்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டேன். நான் யாரிடமும் ஒரு வார்த்தை அதிகம் பேசியதில்லை, பெண்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. பெர்மிட்டை ரத்து செய்து அனுப்பிவிடுவார்களா? ஏஜெண்டுக்காக வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கிள்ளான்_அண்ணன்:
தம்பி, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லுங்கள். நான் 2009இல் வந்து இறங்கிய அன்றே வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார்கள், பதினோரு மாதம் என் கண்ணில் காட்டவில்லை, அம்மாவுக்கு ஆபரேஷன் என்று போன் வந்தபோதுகூட நாளை தருகிறேன், நாளை தருகிறேன் என்றே ஓட்டினார்கள். 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி ஒருவர் பாஸ்போர்ட்டை இன்னொருவர் பிடித்து வைப்பது குற்றம் என்பதே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். பாஸ்போர்ட் கையில் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

பஹாவ்_அக்கா:
அவன் என்ன கேட்கிறான், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்! தம்பி, நாளை காலையில் நாலு ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு போய் மேசையில் வை, ‘சாரி பாஸ்’ என்று சொல், முடிந்தது. எதற்கு சாரி என்றெல்லாம் யோசிக்காதே. நான் கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் மாமியார் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை, என்ன தப்பு செய்தேன் என்று இன்றுவரை தெரியாது, நான்தான் போய்ப் பேசினேன்.

கேஸ்_பார்த்தவன்:
சாரி சொல்லவே சொல்லாதீர்கள்! நாளை விசாரணை என்று வந்தால் அவனே ஒப்புக்கொண்டான் என்று எழுதிவிடுவார்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், 14ஆவது பிரிவு: நடத்தை சரியில்லை என்று ஒருவரை நீக்க வேண்டுமானால் முதலில் முறையாக விசாரிக்க வேண்டும். விசாரணைக்காக நிறுத்திவைத்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் பாதிச் சம்பளமாவது கொடுத்தே ஆக வேண்டும், குற்றம் இல்லை என்றால் மீதியும் வர வேண்டும். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் ஷோ காஸ் லெட்டர் கையில் வரும் வரை வாயைத் திறக்காமல் வேலையைப் பாருங்கள்.

கிள்ளான்_அண்ணன்:
சட்டம் பேசுவது சுலபம். லேபர் ஆபீசுக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் காசு தனி.

தோட்டத்துப்_பிள்ளை:
கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். ஊரிலிருந்து வருகிறவர்கள் ஒரு மெசேஜுக்கே இப்படி நடுங்கினால் எங்கள் தாத்தா காலத்தை என்னவென்று சொல்வது? துரை வரும் வழியில் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும், தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், அதற்குப் பெயர்தான் அன்றைக்கு ஒழுங்காக நடந்துகொள்வது. அப்படி நடந்தும் என்ன கிடைத்தது? பால்மரத்தை (ரப்பர்) வெட்டிச் செம்பனை நட்டார்கள், அப்புறம் செம்பனையையும் வெட்டித் தாமான் என்று குடியிருப்பு கட்டினார்கள், லயன் வீட்டுக்காரர்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போனோம். அந்தத் தாமானில் ஒரு வீடு இன்றைக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) தெரியுமா?

கேஸ்_பார்த்தவன்:
சரிதான், ஆனால் அதற்கும் இந்தத் தம்பியின் மெசேஜுக்கும் என்ன சம்பந்தம்?

தோட்டத்துப்_பிள்ளை:
சம்பந்தம் இல்லை என்று சொல்வதற்குத்தான் எல்லாருக்கும் வாய் வருகிறது.

பழைய_டீச்சர்:
கொஞ்சம் நிறுத்துங்கள். முப்பது வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு வாக்கியத்தில் இரண்டே சொல்லைப் பிய்த்துப் போட்டுவிட்டு அர்த்தம் கேட்டால் யாரால் சொல்ல முடியும்? தம்பி, முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். யாருக்குப் போன மெசேஜ் என்றும் சொல்லுங்கள்.

அதற்குள் ஒன்று. பெண்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று ஏன் எழுதினீர்கள் என்று எனக்குப் புரிகிறது. நம் ஆட்கள் தமிழ் பேசும்போது ‘மிஸ்பிஹேவ் பண்ணினான்’ என்றால் பெரும்பாலும் ஒரு பெண்ணிடம் தப்பாக நடந்தான் என்று அர்த்தம். இங்கிலீஷில் அந்தச் சொல் பெரும்பாலும் வகுப்பில் சேட்டை செய்கிற பிள்ளைக்குத்தான். அதனால் நீங்களும் யார் மேலாவது புகார் எழுதும்போது அதைப் போடாதீர்கள், கத்தினான் என்றால் கத்தினான் என்றே எழுதுங்கள்.

‘பிஹேவ்’ அப்படி அல்ல. பின்னால் ஒரு சொல் வந்தால்தான் அது வெறும் ‘நடந்துகொள்’: ‘பிஹேவ்ட் பேட்லி’ மோசமாக, ‘பிஹேவ்ட் ஸ்ட்ரேஞ்ச்லி’ விசித்திரமாக. தனியாக நின்றால் ‘ஒழுங்காக’ என்பது உள்ளேயே இருக்கிறது. பிள்ளையிடம் ‘பிஹேவ்!’ என்றால் போதும், ‘வெல்’ சேர்க்க வேண்டாம். அந்தச் சொல்லைப் பிரித்தால் உள்ளே ‘ஹேவ்’ தெரியும், முன்னால் ஒரு ‘பி’ சேர்த்து, தன்னைத் தான் ஒரு நிலையில் வைத்துக்கொள்வது என்ற பொருளில் 15ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்குகிறது. ‘பிஹேவ் யுவர்செல்ஃப்’ என்பது அப்படித்தான். நமக்கும் ‘நட’ என்றால் கால், ‘கொள்’ சேர்ந்து ‘நடந்துகொள்’ என்றானால் குணம். இதைச் சொன்னால் என் பிள்ளைகளுக்கு ஒருபோதும் மறந்ததில்லை.

வளர்ந்த ஆளிடம் ‘பிஹேவ்’ என்றால் அது குழந்தையை அதட்டுகிற தொனி. ஆபீஸ் கடிதத்தில் அப்படி எழுத மாட்டார்கள். கேஸ் பார்த்தவர் சொன்ன 14ஆவது பிரிவிலேயே சொல் ‘மிஸ்காண்டக்ட்’தான். ஷோ காஸ் வந்தால் அதுதான் இருக்கும். அதனால்தான் எனக்குச் சந்தேகம், உங்கள் மேனேஜர் ஆளைப் பற்றித்தான் எழுதினாரா?

திம்பாங்_புதுசு:
டீச்சர், அவர் போன் மேசையில் கிடந்தது, தெரியாமல் கண் பட்டுவிட்டது. யாருக்கு என்று பெயர் பார்க்கவில்லை. முழுதாக இதுதான்: “நியூ ஒன் ஃப்ரம் சென்னை நாட் பிஹேவிங். இஃப் லைக் திஸ், மஸ்ட் சேஞ்ச் பிஃபோர் மந்த் எண்ட்.” சென்னையிலிருந்து வந்த புது ஆள் நான் ஒருவன்தான்.

பழைய_டீச்சர்:
ஆள் நீங்கள் ஒருவர்தான். சென்னையிலிருந்து புதிதாக வேறு ஏதாவது வந்திருக்கிறதா? மெஷின், பம்ப், எதுவானாலும். மனிதர் மட்டும்தான் பிஹேவ் பண்ண வேண்டும் என்பதில்லை, இன்ஜினும் பண்ணும், சூட்டில் இரும்பும் பண்ணும். நாம் மோட்டார் மக்கர் பண்ணுகிறது என்பதில்லையா, அதேதான்.

திம்பாங்_புதுசு:
ஐயோ. திம்பாங்கில், அதாவது லாரியை எடை போடும் இடத்தில், புது சாஃப்ட்வேர் போட்டிருக்கிறார்கள், சென்னைக் கம்பெனியுடையது, நான் சேர்ந்த அதே வாரம். பழக்குலையோடு லாரி ஏறும்போது ஒரு எடை, கொட்டிவிட்டு வெறும் லாரியாக வரும்போது ஒரு எடை, கழித்தால் பழத்தின் எடை. இது இரண்டு தடவையும் ஒரே எடையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, சீட்டில் பழம் பூஜ்யம் கிலோ என்று வருகிறது. லாரிக்காரர்கள் கத்துகிறார்கள், நான் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய_டீச்சர்:
அதுதானோ என்று எனக்குப் படுகிறது, நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். மெசேஜைப் பார்த்தேன் என்று சொல்லாமல், சாஃப்ட்வேர் விஷயமாகச் சென்னைக்காரர்களிடம் நான் தமிழில் பேசிப் பார்க்கட்டுமா என்று கேளுங்கள். என்ன சொல்கிறார் பாருங்கள்.

கேஸ்_பார்த்தவன்:
கையால் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். எடைக் கணக்கில் குறை வந்தால் கடைசியில் பழி உங்கள் தலையில் விழும்.

திம்பாங்_புதுசு (மறுநாள்):
சாஃப்ட்வேர்தான். கேட்டதும் மேனேஜர் அந்தக் கம்பெனி நம்பரைக் கையில் கொடுத்து நீயே பேசு என்றார், பேசினேன், வெள்ளிக்கிழமை சரிசெய்து தருகிறார்களாம். சீட்டையெல்லாம் போட்டோ எடுத்துவிட்டேன். பாஸ்போர்ட் என்னிடம்தான் இருக்கிறது கிள்ளான் அண்ணா. பஹாவ் அக்கா, உங்கள் பேச்சைக் கேட்டு விடிந்ததும் நாலு ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு போய் மேசையில் வைத்துவிட்டேன், டீச்சர் எழுதியதை அப்புறம்தான் பார்த்தேன். எதற்கு என்று கேட்டார், வாயில் வந்தபடி இன்று எனக்குப் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் கேக் வெட்டுகிறார்களாம். என் பெர்மிட் ஃபைல் அவர் அலமாரியில்தான் இருக்கிறது, அதில் வேறு தேதி.

பஹாவ்_அக்கா:
கேக்கைச் சாப்பிடு. கேட்டால் நட்சத்திரப் பிறந்தநாள் என்று சொல்.