டீசல் கார் இன்ஜின் கிளீனிங்: மூன்று பாட்டிலில் எதை ஊற்றுவது?

கேள்வி

1.5 லிட்டர் காமன் ரெயில் (ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்த டீசல் போகும் வகை) டீசல் கார், 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பெரும்பாலும் ஐந்தாறு கிலோமீட்டர் சின்ன ஓட்டம்தான். நாலு மாதமாக பிக்கப் குறைவு. மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தால் கருப்புப் புகை வருகிறது. மைலேஜ் 20-லிருந்து 16.5-க்கு இறங்கிவிட்டது. ஐடிலில் லேசான நடுக்கம். ஸ்டார்ட் ஆவதில் குறையில்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

கைவசம் மூன்று பாட்டில் இருக்கிறது: இன்ஜெக்டர் கிளீனர், சீட்டேன் பூஸ்டர், டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) கிளீனர். எதை ஊற்றலாம்? மூன்றையும் சேர்த்து ஊற்றினால் சீக்கிரம் சுத்தமாகுமா? கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தாலே போதும் என்றும் சொல்கிறார்கள்.

பதில் 1

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம் சார். ஹை பிரஷர் பம்பின் உள்பாகங்களுக்கு டீசலின் வழவழப்புதான் காப்பு. மண்ணெண்ணெய் கலந்தால் அது குறையும். 1,600 பார் அழுத்தத்தில் உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்ந்து, அந்தத் தூள் ரெயில் வழியாக எல்லா இன்ஜெக்டருக்கும் போய்விடும். பம்பு, ரெயில், இன்ஜெக்டர் மொத்தமும் மாற்ற வேண்டிவரும்.

டிபிஎஃப் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் வண்டியில் டிபிஎஃப் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல டிபிஎஃப் இருந்தால் கருப்புப் புகை கண்ணுக்கே தெரியக் கூடாது, கரி முழுக்க அதில் சிக்கிவிடும். எக்ஸாஸ்ட் பைப்பின் உள்விளிம்பை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி கன்னங்கரேலென்று ஆனால், டிபிஎஃப் இல்லை அல்லது உள்ளே விரிசல். இருக்கும் வண்டியில் டிபிஎஃபிலிருந்து இரண்டு மெல்லிய குழாய் ஒரு பிரஷர் சென்சாருக்கு ஏறும். அந்த பாட்டிலில் பெரும்பாலும் இரும்பு அல்லது சீரியம் சேர்மம் இருக்கும். கரி எரியும் வெப்பத்தைச் சுமார் 600 டிகிரியிலிருந்து 450 பக்கம் இறக்குவது அதன் வேலை. வேறு எதையும் அது சுத்தம் செய்யாது.

சீட்டேன் பூஸ்டரும் கிளீனர் இல்லை. அதில் இருப்பது 2-எத்தில் ஹெக்சில் நைட்ரேட். டீசல் சீக்கிரம் பற்றிக்கொள்ள உதவும், குளிரில் ஸ்டார்ட்டிங் இழுத்தால் பலன் தெரியும். உங்களுக்கு அந்தக் குறையே இல்லையே.

பதில் 2

டேங்கில் ஊற்றுவது டீசல் போகும் வழியை மட்டும்தான் கழுவும்: பம்பு, ரெயில், இன்ஜெக்டரின் உள் ஊசி, நாசில் துளை. ஈஜிஆர் வால்வும் (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்கே திருப்பிவிடுவது) இன்டேக் மேனிஃபோல்டும் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) அந்த வழியில் இல்லை. டீசல் நேராக சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. மேனிஃபோல்டில் அப்பியிருப்பது ஈஜிஆர் வழியாக வரும் கரியும் கிராங்க்கேஸ் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி இறுகியது. எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அதைத் தொடாது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

ஓடும் இன்ஜினின் இன்டேக்கில் ஸ்பிரே அடிக்கும் வேலையும் வேண்டாம். டீசல் இன்ஜினுக்கு அந்த ஸ்பிரேவும் எரிபொருள்தான், ரேஸ் கட்டுப்பாடு இல்லாமல் ஏறிவிடும்.

இன்னொன்று: கருப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று அர்த்தம். உங்கள் அறிகுறியில் பாதி காற்றுப் பக்கம்தான் கை காட்டுகிறது. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், ஈஜிஆர் மூன்றையும் பாருங்கள். டர்போவிலிருந்து (காற்றை அழுத்தித் தள்ளுவது) இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) வரை ஹோஸைத் தடவிப் பார்த்தால் கிளிப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தட்டும். மெல்லிய ஈரம் சகஜம். ஒரே இடத்தில் சொட்டச் சொட்டக் கருப்பாக இருந்தால் அங்கே காற்று கசிகிறது. ஸ்கேனரில் நாலு சிலிண்டரின் இன்ஜெக்டர் கரெக்ஷன் அளவையும் (ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டும் அல்லது குறைக்கும் அளவு) எடுத்துப் போடுங்கள், சூடான இன்ஜினில், ஏசி அணைத்து, ஐடிலில்.

கேட்டவர்

டிபிஎஃப் இல்லை, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மட்டும்தான். இன்டர்கூலர் மேல் ஹோஸின் அடிப்பக்கம் கருப்பாக நனைந்திருக்கிறது. வளைத்துப் பார்த்தால் நகக்கண் நீளத்துக்கு வெடிப்பு. கரெக்ஷன்: 1-வது +0.4, 2-வது −1.6, 3-வது +3.4, 4-வது −2.1.

பதில் 2

புகைக்கும் பிக்கப்புக்கும் ஹோஸ் வெடிப்பே போதும். நிற்கும்போது மூடியிருக்கும், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறினால் வாய் திறக்கும். டேப் சுற்றாதீர்கள், நிற்காது. ஹோஸையும் கிளிப்பையும் மாற்றுங்கள்.

ஐடில் நடுக்கம் மூன்றாவது சிலிண்டர். அது சோர்வாக வேலை செய்வதால் கம்ப்யூட்டர் அங்கே டீசலைக் கூட்டுகிறது. நாசில் அடைப்பாக இருக்கலாம், தேய்மானமாக இருக்கலாம், கம்ப்ரஷன் குறைவாகவும் இருக்கலாம். அடைப்பாக இருந்தால் மட்டுமே பாட்டில் உதவும்.

பதில் 3

ஹோஸ் மாற்றிய பிறகு இன்ஜெக்டர் கிளீனரை இப்படி ஊற்றுங்கள். லேபிளில் டிடர்ஜென்ட் என்று இருக்க வேண்டும், காமன் ரெயிலுக்கு ஏற்றது என்றும் போட்டிருக்க வேண்டும். ஆல்கஹால் கலந்ததைத் தவிருங்கள். டேங்கின் அடியில் நிற்கும் தண்ணீரை அது டீசலோடு கலந்து இன்ஜெக்டருக்கு அனுப்பும். தண்ணீர் ஃபில்டரில் பிரிந்து நிற்பதுதான் நல்லது.

அளவு கணக்கு: 300 மில்லி பாட்டில் 60 லிட்டருக்கு என்று போட்டிருந்து உங்கள் டேங்க் 45 லிட்டர் என்றால் 225 மில்லி. ரிசர்வுக்குப் பக்கத்தில் இருக்கும்போது முதலில் இதை ஊற்றி, பிறகு டீசல் நிரப்புங்கள், தானாகக் கலந்துவிடும். இரட்டை டோஸால் இரட்டை சுத்தம் வராது. சின்ன ஓட்டத்திலேயே அந்த டேங்கைத் தீர்க்காமல், 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் ஒரே சீராக இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். அடுத்த டேங்குக்கும் இதே அளவு. அதன்பின் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். கிளறிவிட்ட கசடு அங்கேதான் வந்து தங்கும், விட்டுவைத்தால் பவர் மறுபடி விழும்.

பதில் 1

இரண்டு டேங்க் முடிந்ததும் கரெக்ஷனை மறுபடி எடுங்கள். 3-வது இறங்கினால் அடைப்புதான். அப்படியே நின்றால் ரிட்டர்ன் டெஸ்ட்: நாலு ரிட்டர்ன் குழாயையும் (இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் குழாய்) ஒரே அளவு பாட்டில்களில் விட்டு, ஐடிலில் சில நிமிடம் ஓட விடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. சோலினாய்டு (மின்காந்தத்தால் திறக்கும்) வகைக்குத்தான் இந்த முறை. பல பியசோ (மின்சாரத்தில் விரியும் படிகத்தால் திறக்கும்) இன்ஜெக்டருக்கு ரிட்டர்னில் அழுத்தம் இருந்தாக வேண்டும். ஹை பிரஷர் குழாயில் மட்டும் இன்ஜின் ஓடும்போது கை வைக்காதீர்கள், பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ரிட்டர்ன் சரியாக இருந்தால் 3-வதையும் 1-வதையும் இடம் மாற்றிப் போட்டு, தாமிர வாஷரைப் புதிதாக வைத்து, இன்ஜெக்டர் கோட் எண்ணையும் ஸ்கேனரில் மாற்றிப் பதியுங்கள். குறை 1-க்கு நகர்ந்தால் இன்ஜெக்டர். 3-லேயே நின்றால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும்.