நிலுவையில் நிற்கும் கார்டு பணத்தை வங்கியால் நிறுத்த முடியுமா?

அம்பை மகள் (ஞாயிறு காலை)

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் தங்கைக்குத் திருமணம். சீர் பாத்திரங்கள் எடுப்பதற்காக வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி டவுனுக்குப் போயிருந்தோம். ரத வீதியில் ஒரு பாத்திரக் கடையில் வெண்கலப் பானை, குத்துவிளக்கு, எவர்சில்வர் அண்டா என்று எடுத்ததில் மொத்தம் 18,640 ரூபாய் ஆயிற்று. என் டெபிட் கார்டைக் கொடுத்து ரகசிய எண்ணையும் அழுத்தினேன். மெஷின் வெகுநேரம் யோசித்துவிட்டுத் தொடர்பு கிடைக்கவில்லை என்று காட்டியது. சீட்டு வரவில்லை. கல்லாவில் இருந்த தம்பி அந்த மெஷினை ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு மெஷினை எடுத்து வந்தார். அதில் உடனே சீட்டு வந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு வந்து கைப்பேசியைப் பார்த்தால் 18,640 ரூபாய்க்கு இரண்டு குறுஞ்செய்திகள், ஏழு நிமிட இடைவெளியில்.

சனிக்கிழமை வங்கியின் உதவி எண்ணில் பேசினேன். முதல் தொகை இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது, கடைக்குப் போய்ச் சேரவில்லை என்று அவர்களே சொன்னார்கள். அப்படியானால் அதை நிறுத்திவிடுங்கள் என்றேன். நிலுவையில் உள்ளதை எங்களால் நிறுத்த இயலாது, காத்திருங்கள் என்று பதில் வந்தது. வரும் வெள்ளிக்கிழமை மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்ட வேண்டும். அதற்கென்று வைத்திருந்த பணத்தில்தான் இப்போது 18,640 குறைந்து நிற்கிறது.

என் கணக்கிலிருந்து வெளியே போகாத பணத்தை, அந்தக் கணக்கை வைத்திருக்கும் வங்கியாலேயே நிறுத்த முடியாது என்பது எனக்குப் புரியவில்லை. காசோலை கொடுத்துவிட்டு நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறார்களே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


களக்காட்டான் (ஞாயிறு காலை)

அக்கா, உடனே கார்டை பிளாக் செய்துவிடுங்கள். கார்டே செல்லாது என்று ஆகிவிட்டால் நிலுவையில் உள்ள பணம் எப்படிப் போகும்? பிறகு நிதானமாகப் புதுக் கார்டு வாங்கிக்கொள்ளலாம்.


பெருமாள்புரம் பெரியவர் (ஞாயிறு மதியம்)

அம்மா, கார்டை பிளாக் செய்ய வேண்டாம். தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கார்டை முடக்குவது அதற்குப் பிறகு வரும் வேண்டுகோள்களைத்தான் தடுக்கும். ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்த தொகை அதனால் நிற்காது. திருமணச் செலவு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் கையில் கார்டு இல்லாமல் போவதுதான் மிச்சமாகும். நான் வங்கியில் கார்டு தகராறுகளைப் பார்க்கும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் ரகசிய எண்ணை அழுத்தியதும் கடைக்காரரின் வங்கி, கார்டு வலையமைப்பு வழியாக உங்கள் வங்கியிடம் ‘இந்தத் தொகையைத் தரலாமா’ என்று கேட்கிறது. கணக்கில் பணம் இருந்தால் உங்கள் வங்கி ‘தரலாம்’ என்று ஓர் ஒப்புதல் எண்ணை அனுப்பிவிட்டு, அந்தத் தொகையை நீங்கள் வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி ஒதுக்குகிறது. அல்லது அப்போதே பற்று வைக்கிறது. உங்களிடம் இருக்கும் இரண்டாவது சீட்டை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஆறு இலக்கத்தில் அந்த ஒப்புதல் எண் அச்சாகியிருக்கும். அந்த ஆறு இலக்கம்தான் உங்கள் வங்கி கடைக்காரருக்குக் கொடுத்த வாக்கு. அதை நம்பித்தான் அவர் அண்டாவையும் பானையையும் கட்டிக் கொடுத்தார். பணம் வங்கிக்கு வங்கி கைமாறுவதோ அதற்குப் பிறகு, அன்றைய கணக்குகள் மொத்தமாகத் தீர்க்கப்படும்போதுதான். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைத்தான் நிலுவை என்கிறார்கள். கொடுத்த வாக்கை வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக ஒருதலையாக மீற உங்கள் வங்கிக்கு இடமில்லை. அதனால்தான் உதவி எண்ணில் முடியாது என்றார்கள். வாக்கிலிருந்து விடுவிக்கக் கூடியவர், வாக்கைப் பெற்ற கடைக்காரரும் அவருடைய வங்கியும்தான்.

காசோலை அப்படி அல்ல. அது நீங்கள் உங்கள் வங்கிக்கு எழுதும் கட்டளை. தாள் வங்கிக்கு வந்து பணம் கொடுக்கப்படும்வரை கட்டளையைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. கார்டில் உங்கள் கட்டளையும் வங்கியின் சம்மதமும் சில நொடிகளுக்குள் முடிந்துவிடுகின்றன. திரும்பப் பெறுவதற்கு இடையில் நேரமே இல்லை.

இது பொதுவான விதி. உங்கள் வழக்கு வேறு என்பதுதான் முக்கியம். முதல் முறை சீட்டே வரவில்லை. அதாவது உங்கள் வங்கி சொன்ன ‘தரலாம்’ கடைக்குப் போய்ச் சேரவே இல்லை. இத்தகைய தோல்வியுற்ற பரிவர்த்தனைகளுக்காக 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கடையில் கார்டு தேய்த்து, கணக்கில் பற்று விழுந்து, கடைக்கு உறுதி கிடைக்காமல் போனால், பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகவே திரும்ப வேண்டும். இவை நாட்காட்டி நாட்கள். ஞாயிறும் விடுமுறையும் கழியாது. அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, நீங்கள் புகார் கொடுக்காவிட்டாலும், வங்கி தானே உங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைப் பரிவர்த்தனை என்றால் உங்களுக்குக் கெடு புதன்கிழமை.

இனி செய்ய வேண்டியது. வங்கியிடம் ‘நிறுத்துங்கள்’ என்று கேட்காதீர்கள். நீங்கள் அந்தச் சொல்லைச் சொன்னதால்தான் அவர்களும் அதற்குரிய பதிலைச் சொன்னார்கள். ‘பற்று விழுந்தது, கடையில் சீட்டு வரவில்லை, கடைக்கு உறுதி கிடைக்கவில்லை’ என்ற இந்தச் சொற்களிலேயே மின்னஞ்சலிலோ வங்கியின் செயலியிலோ புகாராகப் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு இலக்க ரெஃபரன்ஸ் நம்பர் ஒன்று ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உண்டு. தோற்றுப்போன முதல் பரிவர்த்தனையின் எண்ணைக் குறுஞ்செய்தியிலிருந்தோ கணக்கு அறிக்கையிலிருந்தோ எடுத்துக் குறிப்பிடுங்கள். இரண்டு தொகையும் ஒன்றே என்பதால் சரியாக நடந்த பரிவர்த்தனையின் எண்ணைத் தவறுதலாகக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அதனாலேயே வாரக்கணக்கில் இழுத்த புகார்களை நான் பார்த்திருக்கிறேன். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, 14448 என்ற எண்ணில் வழி கேட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு அவ்வளவு தூரம் போகாது என்றே நம்புகிறேன்.


வண்ணார்பேட்டை ஹார்டுவேர் (ஞாயிறு இரவு)

பெரியவர் சொன்னதற்குக் கடைக்காரன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன் தங்கச்சி. எங்கள் கடையிலும் இரண்டு மெஷின் உண்டு. இதே சிக்கல் மழைக்காலத்தில் வாரம் ஒன்றாவது வரும்.

பதில் வராமல் நின்றுபோன பரிவர்த்தனையைப் பெரும்பாலான மெஷின்கள் நினைவில் வைத்திருக்கும். அடுத்த முறை தொடர்பு கிடைத்ததும், வேறு வேலை பார்ப்பதற்கு முன்னால், ‘அதை ரத்து செய்’ என்ற செய்தியை அதுவாகவே அனுப்பும். ஆனால் உங்கள் கடைத் தம்பி அந்த மெஷினை ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்திருக்கிறார். வைத்தது வைத்தபடியே கிடந்தால் அந்த ரத்துச் செய்தியும் அதற்குள்ளேயே கிடக்கும். அதனால் திங்கட்கிழமை கடைக்குப் போன் போட்டு, அந்த முதல் மெஷினை இயக்கித் தொடர்பு கிடைக்கும் இடத்தில் வைத்து, செட்டில்மென்ட் போடச் சொல்லுங்கள், அதாவது மெஷினில் உள்ள விற்பனைக் கணக்கை வங்கிக்கு அனுப்பி முடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை அந்த இரண்டு மெஷினிலும் நடந்த விற்பனையின் முழு விவரச் சீட்டை எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். முழ நீளத்துக்கு வரும். ஒவ்வொரு பரிவர்த்தனையும் வரிசையாக இருக்கும். அதில் உங்கள் 18,640 ஒரே ஒரு முறைதான் இருக்கிறது என்றால், கடைக்கு ஒரு முறைதான் பணம் வரும் என்பதற்கு அதுவே சாட்சி. கடையின் லெட்டர்பேடில் ‘முதல் முறை போட்ட தொகை எங்களுக்கு வரவில்லை’ என்று இரண்டு வரி எழுதி, முத்திரை குத்தி வாங்கினால் இன்னும் நல்லது. நாணயமான கடைக்காரர் யாரும் இதற்கு மறுக்க மாட்டார். சீட்டை வாங்கிய உடனே நகல் எடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் எழுத்து நாளாக நாளாக மங்கிப் போகும், வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம்.

ஒருவேளை இரண்டு முறையும் விற்பனையாகவே பதிவாகியிருந்தால், அன்றைய செட்டில்மென்ட் போடுவதற்குள் சீட்டில் உள்ள எண்ணை அடித்து மெஷினிலேயே ‘வாய்டு’, அதாவது ரத்து, செய்திருக்கலாம், அதோடு போயிருக்கும். செட்டில்மென்ட் போன பிறகு ரீஃபண்டுதான், அதற்கு நாள் பிடிக்கும். ஆகவே இங்கே படிக்கிறவர்கள், இரண்டு குறுஞ்செய்தி வந்தால் பஸ் ஏறுவதற்கு முன்னால் கடைக்குத் திரும்பிப் போங்கள். வங்கியால் முடியாததைக் கடைக்காரனால் அந்த நேரத்தில் ஒரு நிமிடத்தில் செய்ய முடியும்.


தென்காசி வாசகி (திங்கள் காலை)

இதோடு ஒட்டியதாக ஒரு சந்தேகம். என் கடன் அட்டையில் நான் செய்யாத ஒரு செலவு 4,200 ரூபாய்க்கு நிலுவை என்று இன்று காலை காட்டுகிறது. இதற்கும் வங்கி காத்திருக்கத்தான் சொல்லுமா?


பெருமாள்புரம் பெரியவர் (திங்கள் காலை)

அம்மா, உங்களுக்குச் சொல்ல வேண்டியது நேர் எதிரானது. உங்கள் அட்டையை இந்த நிமிடமே முடக்குங்கள், மற்றதைப் பிறகு படியுங்கள்.

முடக்கிவிட்டீர்களா? நிலுவையில் உள்ள அந்த 4,200 பதிவாகத்தான் செய்யலாம். ஆனால் அடுத்த திருட்டு நடக்காது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாமவர் செய்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பே கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் ஓர் உச்சவரம்புவரை பொறுப்பு வரும். தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி நிழல் வரவாக, அதாவது புகார் முடியும்வரை தற்காலிக வரவாக, உங்கள் கணக்கில் வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். நீங்கள்தான் தவறு செய்தீர்கள் என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியினுடையதே. ஆனால் ஓ.டி.பி.யை யாரிடமாவது சொல்லியிருந்தால், தெரிவிக்கும்வரையிலான நட்டம் உங்களுடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியினுடையது. எப்படியாயினும் ஒரு மணி நேரம்கூட முக்கியம் என்பதால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் உடனே சொல்லிவிடுங்கள்.

களக்காட்டுத் தம்பிக்கு: நீங்கள் சொன்ன மருந்து இந்த நோய்க்குரியது. திருட்டுக்கு முடக்கம், தோல்விக்குப் புகார். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் வராது.

மாதாமாதம் தானாகக் கழியும் சந்தாவைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. அதில் மட்டும் உண்மையாகவே முன்கூட்டி நிறுத்தலாம். 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அந்த ஒரு முறையையோ, மொத்த அனுமதியையோ நீங்கள் ரத்து செய்யலாம். ஒப்புதல் இன்னும் கொடுக்கப்படவில்லை என்பதால்தான் அங்கே அது முடிகிறது.


அம்பை மகள் (அடுத்த திங்கள் இரவு)

ஐயா, அண்ணாச்சி, இருவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை காலை டவுனுக்கே நேரில் போனேன். கடை முதலாளி மறுப்பே சொல்லவில்லை. ஓரம் கட்டியிருந்த மெஷினை வாசல் பக்கம் எடுத்து வந்து இயக்கினார். சிறிது நேரம் ஓடிவிட்டு, வெள்ளிக்கிழமை தேதியிட்ட ஒரு சிறு துண்டு வெளியே வந்தது, அதில் என் 18,640 ரத்து என்று இருந்தது. விவரச் சீட்டில் என் தொகை ஒரு முறைதான் இருந்தது. அதையும் முத்திரையிட்ட கடிதத்தையும் வாங்கி, அங்கேயே பக்கத்துக் கடையில் நகல் எடுத்து, ஐயா எழுதித் தந்த சொற்களிலேயே வங்கிக்குப் புகார் அனுப்பினேன்.

புதன்கிழமை வரவில்லை. வியாழன் இரவு 9 மணிக்குப் பிறகு பணம் திரும்பியது. வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குக் கட்டிவிட்டோம். ஒரு நாள் தாமதத்துக்குரிய 100 ரூபாய் மட்டும் வரவில்லை. கேட்கலாமா, சிறு தொகைக்காக வேண்டாமா என்று அப்பா தயங்குகிறார்.


பெருமாள்புரம் பெரியவர் (அடுத்த திங்கள் இரவு)

கண்டிப்பாகக் கேளுங்கள் அம்மா. அது உங்களுக்கு வங்கி தரும் சலுகை அல்ல, உங்கள் பணம். நீங்கள் கேட்டால்தான் அந்த ஒரு நாள் தாமதம் அவர்கள் கணக்கில் தாமதம் என்று பதிவாகும். பழைய புகார் எண்ணையே குறிப்பிட்டு, பற்று விழுந்த தேதி, திரும்பிய தேதி இரண்டையும் எழுதினால் போதும்.


அம்பை மகள் (வியாழன் காலை)

கேட்டேன் ஐயா. நேற்று மாலை 100 ரூபாய் தனி வரியாக வரவு வைக்கப்பட்டிருக்கிறது. கடைச் சீட்டின் நகலைத் தங்கை கல்யாணச் செலவு நோட்டில் ஒட்டி வைத்துவிட்டார் அப்பா.